ஈரம் காயாத தூரிகைகள்

1938 மார்ச் 8, செவ்வாய் — பெர்லின்

இன்றும் அவர் வந்தார். பெயர் தெரியாது. நான் வைத்திருக்கும் பெயர் 'ஈரம் பார்க்கிறவர்'.

மூன்று வருடத்துக்கு முன் கலைத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. யூதப் பெண்ணான தேயா வோல்ஃப்சோன் இனி ஓவியர் அல்ல; வரையவும் விற்கவும் காட்டவும் கூடாது. கடைக்காரர்களும் எனக்கு வண்ணம் தரக் கூடாது. அதைச் சரிபார்க்கத்தான் இந்த மனிதர் மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஜாடியில் நிற்கும் தூரிகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போல.

எல்லாம் காய்ந்திருந்தன. காயாமல் என்ன? அவை இவருக்காகவே வைத்திருப்பவை. ஈரமானவை அப்பாவின் தொப்பிப் பெட்டிக்குள்.

"அடுப்புல என்ன?"

"முட்டைகோஸ்."

"போன தடவையும் முட்டைகோஸ்தானே?"

அப்பா நாற்காலியிலிருந்து பெருமூச்சு விட்டார். "என் பொண்ணுக்கு அது ஒண்ணுதான் வரும் சார். நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

அந்த ஆள் மனமிரங்கி அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்! கதவைச் சாத்தியதும் நாங்கள் இருவரும் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம். எனக்கு விக்கலே வந்துவிட்டது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையை அமுக்க முட்டைகோஸைப் போல ஒன்று கிடையாது. முப்பத்தெட்டு வயதில் நான் கற்ற ஒரே சமையல்.

1938 மார்ச் 10

மாட்டிக்கொண்டேன்!

மாடிவீட்டு டாக்டர் பிங்கஸ் கதவைத் தட்டினார். நீளமான ஆள், நீளமான கோட், எந்நேரமும் யார்மீதோ கோபம் போல ஒரு முகம். நான்கு வருடமாகப் படிக்கட்டில் எதிர்ப்படும்போது தலையசைப்பதோடு சரி.

"தினமும் முட்டைகோஸா வேக வைக்கறீங்களே, ஏதாவது வேண்டுதலா?"

"பிடிச்சதைச் சாப்பிடறோம். உங்களுக்கு என்ன?"

"நான் மூக்கு டாக்டர், அம்மணி. மூக்கை வச்சுத்தான் பொழப்பே." குரலைத் தாழ்த்தினார். "கோஸுக்கு அடியில டர்பன்டைன் வருது. எனக்கு வர்றது நாளைக்கு இன்னொருத்தனுக்கும் வரும். வெங்காயமும் சேர்த்துக்குங்க."

நான் கதவை மூடப் போனேன். அவரோ அதே கோபமுகத்தோடு, "பார்க்கலாமா?" என்றார். காட்டினேன். எங்கள் சமையலறை நாற்காலியும் அதில் விழும் காலை வெயிலும். வெகுநேரம் நின்று பார்த்தார்.

"மஞ்சள் கொஞ்சம் சத்தமா இருக்கு."

மஞ்சள் சத்தமாம்! காது டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவர். கதவைச் சாத்திய பிறகு வெகுநேரம் பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு போய் அந்த மஞ்சளைக் கொஞ்சம் தணித்தேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் இன்னும் எரிச்சல்.

1938 ஏப்ரல் 3, ஞாயிறு

அருங்காட்சியகங்களிலிருந்து அரசாங்கம் பிடுங்கிய படங்களை ஒன்றாக மாட்டி, ஊரைக் கூட்டிக் கேலி செய்யும் கண்காட்சி இப்போது இங்கே வந்திருக்கிறது. என் படமும் அதில் இருக்கிறதாம். போகாதே என்றார் அப்பா. நான் வர்றேன் என்றார் டாக்டர்.

இருந்தது. கோணலாக மாட்டி, மேலே சுவரில் ஒரு கேலி வாசகம். முன்னால் என்ன கூட்டம்! பதினைந்து வருடம் படம் வரைந்திருக்கிறேன், என் படத்தின் முன் ஏழு பேருக்கு மேல் நின்றதில்லை. இங்கே எட்டிப் பார்க்கக்கூட இடமில்லை.

"உங்க வாழ்க்கையிலேயே பெரிய கண்காட்சி," என்று டாக்டர் காதோரம் சொன்னார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, அவரும் சிரிக்க, பக்கத்தில் நின்ற காவலர் எங்களை மெச்சிப் பார்த்தார், நல்ல குடிமக்கள் என்று நினைத்துக்கொண்டு.

வெளியே வந்து பூங்கா மரத்தடியில் நின்றபோதுதான் அழுகை வந்தது. அவர் கைக்குட்டையைத் தந்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

1938 அக்டோபர் 1

நேற்றோடு யூத டாக்டர்கள் யாரும் டாக்டர் இல்லை. அர்னோ பிங்கஸ் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தார். "நீங்க ஓவியர் இல்ல, நான் டாக்டர் இல்ல. இனி சரிசமமாப் பேசலாம்." பலகையின் பின்பக்கம் நல்ல வழவழப்பு. அதில் அவரை வரைந்தேன். ஒரு நிமிடம் அசையாமல் உட்காரத் தெரியவில்லை.

1938 நவம்பர் 11

நேற்று அர்னோவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யூதக் கடைகளையெல்லாம் உடைத்து, தெருவெல்லாம் கண்ணாடி. வேறெதுவும் எழுத முடியவில்லை.

1938 டிசம்பர் 19, திங்கள்

வந்துவிட்டார்! மொட்டைத் தலை, பாதி உடம்பு, கையில் கட்டு. முகாமில் என்ன நடந்தது என்று கேட்டேன். "சாப்பாட்டுல உப்பு இல்ல," என்றார். அவ்வளவுதான். மார்ச்சுக்குள் நாட்டை விட்டுப் போகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டிருக்கிறார்கள். எங்கே போக? எந்த நாடு கதவைத் திறந்து வைத்திருக்கிறது?

அப்பா தன் தொப்பிக் கடையில் மிச்சமிருந்ததில் நல்ல தொப்பியாக ஒன்றை அவர் மொட்டைத் தலையில் வைத்துப் பார்த்தார். "டாக்டர், இப்பத்தான் உங்க தலைக்கே ஒரு லட்சணம் வந்திருக்கு."

1938 டிசம்பர் 22

பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டேன்.

இங்கிலாந்தில் வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. வேலைக்கு என்று போனால் அனுமதி தருகிறார்கள். உதவிச் சங்கத்துப் பலகையில் ஒரு விளம்பரம்: கிராமத்து வீட்டுக்குத் தம்பதி தேவை, கணவர் பரிமாறுபவர், மனைவி சமையல்காரி. விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

"டாக்டர், என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பினார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியாதே."

"உங்களுக்கு ஒரு கப்பைச் சிந்தாமத் தூக்கத் தெரியாதே. வெறும் காகிதக் கல்யாணம்தான். அங்க போய் ஆறு மாசத்துல ரத்து பண்ணிக்கலாம்."

"முட்டைகோஸ் போடக் கூடாது. அது ஒண்ணுதான் நிபந்தனை," என்றார்.

ஆயிற்று. நான் கல்யாணப்பெண்!

1939 ஜனவரி 24, செவ்வாய்

பதிவு அலுவலகம். ஏழு நிமிடம். இந்த மாதத்திலிருந்து எங்கள் எல்லோர் பெயருக்குள்ளும் அரசாங்கம் ஒரு பெயரைச் செருகியிருக்கிறது: பெண்கள் எல்லாம் சாரா, ஆண்கள் எல்லாம் இஸ்ரவேல். எழுத்தர், "தேயா சாரா, அர்னோ இஸ்ரவேல்" என்று படித்ததும் அர்னோ என் பக்கம் சாய்ந்து, "யார் இவங்க? நமக்கு முன்னாடி வந்த ஜோடியா?" என்றார். சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன், இன்னும் வலிக்கிறது.

வீட்டில் அப்பா ஒத்திகை வைத்தார். அவர்தான் ஆங்கிலேயப் பிரபு. தலையில் உயரத் தொப்பி, கையில் மணி. அர்னோ சூப்பைக் கொண்டுவந்தார், கட்டைவிரல் சூப்புக்குள்.

"பரிமாறுறவரே, விரல் எதுக்கு உள்ள இருக்கு?"

"சூடு பார்க்கறேன், பிரபு."

அப்பா நாற்காலியிலிருந்தே விழப் பார்த்தார். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

1939 ஏப்ரல் 18

அனுமதி வந்துவிட்டது. அர்னோவுக்குத் தந்த கெடுவை இரண்டு தடவை கெஞ்சி நீட்டியதற்குப் பலன். நான் வாசலிலிருந்து சமையலறை வரை ஆடிக்கொண்டே போனேன். அப்பாவும் ஒரு சுற்று ஆடினார், மூச்சு வாங்கி உட்கார்ந்தார். பிறகுதான் காகிதத்தைச் சரியாகப் படித்தேன். இரண்டு பேருக்கு.

"அப்பா, நான் போகல."

"உளறாதே. கிழவன் தொப்பி விக்கறவனை யாரு என்ன பண்ணப் போறாங்க? நீ போய் எனக்கும் ஒரு இடம் பாரு. பிரபுவா மட்டும்தான் வருவேன், சொல்லிட்டேன்."

போகவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

1939 மே 20

படங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பாவிடம் ஒரு யோசனை இருந்தது. சின்னத் துணிப்படங்கள் ஐந்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, ஐந்து தொப்பிகளுக்குள் வைத்து, மேலே பட்டு உள்துணி தைத்தார். மூன்று நாள். கடைசித் தையலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "உன் படங்கள் எல்லாம் இப்பத்தான் ஆளுங்க தலைக்குள்ள போகுது," என்றார்.

1939 மே 24 — கப்பலில்

எல்லையில் அதிகாரி அர்னோவின் தொப்பியைக் கழற்றச் சொன்னார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். எனக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. "நல்ல வேலைப்பாடு. எங்க வாங்கினது?" என்றார். "மாமனார் தச்சது," என்றார் அர்னோ. மாமனார்! எங்கள் அப்பாவை அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கப்பல் நகர்ந்ததும் மேல்தளத்துக்கு ஓடினோம். ஒரே காற்று. சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல் உண்டு தெரியுமா? பதினொன்று எண்ணினேன். சத்தம் போட்டுச் சொன்னேன். அர்னோ வாந்தி எடுத்துக்கொண்டே, "பன்னிரண்டு, என் மூஞ்சியையும் சேர்த்துக்குங்க," என்றார்.

பெர்லினில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் அப்பா கையசைக்காமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ரயில் திரும்பும்வரை.

1939 ஜூன் 11 — தோர்ன்பி வீடு

எஜமானி மிஸஸ் தோர்ன்பி ஒரு விதவை. எழுபது கோழிகள், ஒரு காது மந்தம், குரல் மட்டும் பட்டாளத்துக் குரல். முதல் நாளே என் ஆட்டிறைச்சி வறுவலை வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"தேயா, இது என்ன?"

"ஆடு, அம்மா."

"எப்ப செத்தது?"

அர்னோ தட்டோடு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தார், எனக்குக் கேட்டது. மிஸஸ் தோர்ன்பிக்கும் கேட்டிருக்க வேண்டும், மந்தமில்லாத காதில். அன்றிலிருந்து அர்னோ சமைக்கிறார், நான் பரிமாறுகிறேன். மூக்கு இருக்கிறவனுக்குச் சமையல் தானாக வரும்போல. சமைத்த மிச்சநேரத்தில் எஜமானியின் காதையும் கழுவிவிட்டார். அவருக்கு இப்போது கோழிகளின் சத்தம் தாங்கவில்லையாம்.

1939 ஜூலை 30

தோட்டத்துக் கொட்டகையில், ஜன்னலைத் திறந்து வைத்து வரைந்தேன். முதல் அரைமணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் வரவில்லை. பிறகு கோழிகள் வந்தன. நீல வண்ணம் காலில் ஒட்டி முற்றமெல்லாம் நீலப் பாதங்கள். மிஸஸ் தோர்ன்பி பார்த்துவிட்டுப் போனார். மாலையில் கொட்டகையில் ஒரு நல்ல விளக்கு இருந்தது.

1939 செப்டம்பர் 3

போர். அப்பாவுக்கான காகிதம் பாதியில் நிற்கிறது.

1939 அக்டோபர் 20

போரில் சேராத ஹாலந்து வழியாக அப்பாவுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. 'விலாசத்தில் இல்லை.' அர்னோ அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இன்று அவர் சமைக்கவில்லை. மிஸஸ் தோர்ன்பி தானே முட்டை பொரித்துக் கொண்டுவந்து என் முன் வைத்தார். கருகியிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

1939 நவம்பர் 2, வியாழன்

ஜெர்மனியிலிருந்து வந்தவர்களையெல்லாம் விசாரிக்கிறார்கள், எதிரியா அகதியா என்று. ஊர் மன்றத்தில் ஒரு வயதான நீதிபதி. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். எனக்குச் சாட்சி சொல்ல மிஸஸ் தோர்ன்பி வந்திருந்தார்.

"தொழில்?"

"சமையல்காரி," என்றேன். அனுமதியில் அப்படித்தானே இருக்கிறது.

"ஐயா!" மிஸஸ் தோர்ன்பியின் குரலில் ஜன்னலே அதிர்ந்தது. "நான் இங்க சத்தியம் பண்ணியிருக்கேன், பொய்க்குத் துணை போக முடியாது. இவ சமையல்காரியே இல்ல. சாப்பிட்டவ சொல்றேன். இவ ஓவியர்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ. சமையல்காரி என்பதை அடித்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், தலைகீழாக. 'ஓவியர்.' மை இன்னும் காயவில்லை. அதன் பக்கத்தில், 'அகதி, தடுத்து வைக்க வேண்டியதில்லை.'

அடுத்து அர்னோ போனான். சீக்கிரமே வந்துவிட்டான். மன்றத்துப் படியில் நின்று தொப்பியைச் சரி செய்துகொண்டான்.

"என்ன கேட்டார்?"

"அனுமதிக்காகப் பண்ணிக்கிட்ட கல்யாணமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஆரம்பத்துலன்னு சொன்னேன்."

மழை தூற ஆரம்பித்திருந்தது. மிஸஸ் தோர்ன்பி காரிலிருந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் உடனே போகவில்லை.