சுன்மாயாவின் கஞ்சியும் கை அளக்கும் நாடாவும்

சுன்மாயாவின் அப்பாவுக்கு,

வறுத்த சோயாவையும் சோளத்தையும் கோதுமையையும் அரைக்க ஆற்றங்கரை ஆலைக்குப் போகிறேன். திரும்ப மாலையாகும். டப்பாவில் மீதியுள்ள மாவில் இரண்டு வேளை லித்தோக் கஞ்சி காய்ச்சி, நெய் விட்டு அவளுக்கு ஊட்டுங்கள். அழுதாலும் பிஸ்கட் வேண்டாம்.

"கதைப் புஸ்தகம் படிச்சா புள்ளைக்குச் சதை வைக்குமா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். படித்துக்கொண்டே கஞ்சியைக் கருகவிட்டது என் தவறுதான். ஆனால் லித்தோவை "மாட்டுத் தீவனம்" என்று சொன்ன நீங்கள், கருகியதையும் வழித்துத் தின்றதைப் பார்த்தேன். இன்று அவள் பங்கில் கை வைக்காதீர்கள்.

மன்சரா

குழந்தை மெலிந்திருக்கிறதா என்று பார்க்கக் கை அளக்கும் நாடா, என் நாவலில் நான் படித்து நிறுத்திய பக்கத்தில் இருக்கிறது. அவள் கை இன்னும் மெலிவைக் காட்டும் மஞ்சள் கோட்டில்தான் நிற்கிறது. பச்சைக்கு வரும்வரை அந்தப் பக்கத்தைத் தாண்டமாட்டேன்.