'தெரியாமல்' என்பதற்கு ஒரு வாக்கியம்

மார்ச் 4

சிட்டுவின் அம்மாவுக்கு,

நலமா? என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவாயோ என்று பயந்து, முகவரியை டைப் அடித்து வாங்கினேன். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை விஷயமாக. கோபித்துக்கொள்ளாதே.

அகராதியின் இரண்டாம் தொகுதி நடக்கிறது. முன்பு போலவே ஆங்கிலம், ரஷ்யன், தமிழ். போன தொகுதியில் தமிழ்ப் பக்கம் முழுக்க நீ பார்த்தது. உனக்குப் பிறகு வந்தவர்கள் எதைக் கொடுத்தாலும் 'அறிவு' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். இப்போது வண்டி 'நாலெட்ஜ்' என்ற சொல்லில் நிற்கிறது. எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் முதல் நாள் அதை 'நாலு எட்டு' என்று அடித்துக் கொடுத்தார்.

ரஷ்யனில் நாலு விதமாகப் பிரித்திருக்கிறேன். 'ஸ்னானியே', படித்து வருவது. 'ஸ்னகோம்ஸ்த்வா', ஆளையோ ஊரையோ பழகித் தெரிந்துகொள்வது. 'ஸ்வேதேனியா', காதுக்கு வந்து சேர்வது. நாலாவது 'வேதம்'. நம்முடைய வேதம் இல்லை. இது தனியாக எங்கேயும் வராது. ஒருவருக்குத் தெரிந்து நடந்தது, தெரியாமல் நடந்தது என்று சொல்ல மட்டும் வரும். நாலுக்கும் தமிழ் எழுதி அனுப்பு. உன்னை விட்டால் ஆளில்லை.

இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்துக்குப் போகிறது.

சிட்டுவின் அப்பா

மார்ச் 15

சிட்டுவின் அப்பாவுக்கு,

டைப் அடித்த உறை என்றதும் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றல் உத்தரவோ என்று பதறித்தான் பிரித்தேன். ஒரு தடவை நலமா என்று கேட்க உங்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல் வேண்டியிருந்திருக்கிறது. இருக்கட்டும்.

முதலாவது அறிவுதான், மாற்ற வேண்டாம். இரண்டாவது பரிச்சயம். மூன்றாவது தகவல். நாலாவதற்குத் தமிழில் பெயர்ச்சொல் தேடாதீர்கள். 'தெரியாமல்' என்றால் போதும். 'நான் தெரிகிறேன்' என்று நாம் சொல்வதில்லை, 'எனக்குத் தெரியும்' என்கிறோம். அது நம்மிடம் வர வேண்டும், வராமலும் போகும். ரஷ்யனிலும் அப்படி ஒரு வழக்கு உண்டு என்று நீங்கள் எப்போதோ சொன்ன ஞாபகம்.

நாலாவதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்து விடும்போது படுத்துக்கொண்டு விடுங்கள். உட்கார்ந்தபடி விட்டால் கன்னத்துக்குத்தான் போகும்.

சிட்டுவின் அம்மா

மார்ச் 28

சிட்டுவின் அம்மாவுக்கு,

படுத்துக்கொண்டு விட்டேன். சரியாகப் போகிறது.

நானே ஒரு வாக்கியம் எழுதினேன்: 'அம்மாவுக்குத் தெரியாமல் குழந்தை சர்க்கரையைத் தின்றது.' டைப்பிஸ்ட் அம்மாள், "யார் வீட்டுக் குழந்தை சார்?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக் குழந்தை என்றேன். எவ்வளவு பெரியவள் என்றார். ஐந்து வயது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

சிட்டுவைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் சரக்குக் கப்பலில் ரஷ்ய மாலுமிகளுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தேன். மூச்சு தானாக நின்றுவிட்டது என்றாய். அதற்குமேல் கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த வருஷம் வீட்டை விட்டே போய்விட்டாய். நான் என்ன தப்புச் செய்தேன் என்று இன்று வரை விளங்கவில்லை. வேலை விஷயமாக எழுதுகிறேன் என்றது பாதிதான் உண்மை.

சிட்டுவின் அப்பா

ஏப்ரல் 9

சிட்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். மருந்து வைக்கிற குளிர்பெட்டி ஒன்று, நாற்காலி இரண்டு. மூளை போய்விட்டது, இனி மூச்சு விடுவது மெஷின்தான் என்றார். அப்பா எங்கே என்று கேட்டார். கப்பலில் என்றேன். "ரெண்டு நாள் வேணும்னா காத்திருக்கலாம்மா, அவர் வந்து பாக்கட்டும்" என்றார்.

நான் காத்திருக்கவில்லை. அவள் கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது. அதை வெட்டித்தான் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் அவளை அப்படி வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் வந்தால் வேண்டாம் என்பீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்து நானும் வேண்டாம் என்பேன் என்றும் பயம். எல்லாம் தெரிந்தே சம்மதிக்கிறேன் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டேன், உங்களுக்குத் தெரியாமல்.

அதன்பிறகு நீங்கள் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "நீயாவது பக்கத்துல இருந்தியே" என்று சொல்வீர்கள். நன்றி சொல்வது போலச் சொல்வீர்கள். திட்டியிருந்தால் அந்த வீட்டில் இருந்திருப்பேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சிட்டுவின் அம்மா

மே 2

சிட்டுவின் அம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது காகிதக் கட்டோடு அந்தத் தாளும் இருந்தது. உன் கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். 'நீயாவது இருந்தியே' என்று சொன்னதெல்லாம், எனக்குக் கோபமில்லை என்று உனக்கு எப்படியாவது புரிய வேண்டும் என்றுதான். அது உன்னை வீட்டை விட்டே துரத்தியிருக்கிறது. மூன்று பாஷையில் பேசுகிறவன், உன்னிடம் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு நாள் காத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில்தான் படித்தேன். மூன்று நாள் ஆபீசுக்குப் போகவில்லை. கோபம் இல்லை என்று இப்போது எழுதினால் அது பொய். நான் வந்தபோது அவள் கை ஜில்லென்று இருந்தது. சூடாக ஒரு தடவை பிடித்திருக்கலாம்.

கையெழுத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. அதை மட்டும் எழுது.

சிட்டுவின் அப்பா

மே 11

சிட்டுவின் அப்பாவுக்கு,

குழாய்களை எடுத்துவிட்டு அவளை என் மடியில் வைத்தார்கள். எவ்வளவு நேரம் இருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒன்பது நாள் படுத்திருந்ததில் தலை சிக்குப் பிடித்திருந்தது. நர்ஸிடம் சீப்பு கேட்டு வாங்கிச் சிக்கெடுத்தேன். இரண்டு ஜடை போட்டால்தான் அவளுக்குப் பிடிக்கும் அல்லவா, வகிடு எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். ஒரு பக்கம் பின்னி முடிக்கும்வரை கை சூடாக, மூச்சு வந்துகொண்டிருந்தது. ரிப்பன் கட்டும்போது நின்றுவிட்டது. நர்ஸ் வந்து, "விட்டுடுங்கம்மா" என்றாள். நான் விடவில்லை, இன்னொரு பக்கத்தையும் பின்னினேன்.

அது சரியாக வந்ததா என்று தெரியவில்லை. எனக்குக் கண் மறைத்தது. நீங்கள் வந்து பார்த்தீர்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததா? எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

சிட்டுவின் அம்மா