பூட்டி வைத்த உன் கருவி

காப்புரிமைச் சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரை அச்சடித்து, இன்று காலை என் மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை உள்ளே தள்ள இழுப்பறையைத் திறந்தால், நீ ஒட்டிவைத்த ஆரஞ்சு ஸ்டிக்கர்கள். உன் காதுக் கருவியின் பேட்டரியிலிருந்து உரித்தவை. உரித்த உடனே பேட்டரியை மாட்டமாட்டாய். "இருடா, ஒரு நிமிஷம் காத்து குடிக்கட்டும்" என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையும் காக்க வைப்பாய்.

செத்துப்போனவனிடம் கோபப்படக் கூடாதாம். போடா, எனக்குக் கோபம்தான் வருகிறது.

கூட்டத்தில் உன் கருவி எதிரே இருப்பவர் குரலை மட்டும்தான் எடுக்கும். முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் இரைச்சல் என்று தள்ளிவிடும். "நம்ம ஆளுங்க எவன்டா முகத்துக்கு நேரா வந்து கூப்பிடுறான்?" என்று சலித்துக்கொள்வாய். பழகியவர் குரலை நினைவில் வைத்து, அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே விடும் ஒரு வழியை நீயே கண்டுபிடித்தாய். இங்கே ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் தமிழர்களின் பொங்கல் விழாவில், காது மந்தமான யாழ்ப்பாணத்து அக்காவுக்கு மாட்டிக் காட்டுவதாக வாக்கும் கொடுத்தாய்.

மண்டப வாசலில் உன் கையைப் பிடித்து நிறுத்தியவன் நான். காதுக் கருவி செய்யும் நம் கம்பெனியில் காப்புரிமை எழுதுவது என் பிழைப்பு. "ஃபைல் பண்றதுக்கு முன்னாடி வெளிய காட்டினா பேட்டன்ட் போச்சுடா" என்றேன்.

"போனா போகட்டுமே. யார் வேணா செய்யட்டும்."

சொன்னாயே தவிர, கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். என் பேச்சை ஏன்டா கேட்டாய்?

எழுதினேன். வேறு எவனும் சுற்றிப் போக ஒரு சந்துகூட விடாமல் எழுதினேன். பிரமாதம் என்று மேலதிகாரி கை குலுக்கினார். பிறகு ஒரு நாள், இதை நாம் தயாரிக்கப் போவதில்லை, போட்டிக்காரர்கள் தயாரிக்காமல் இருந்தால் போதும் என்றார். வெட்கங்கெட்டவர்கள்! உன்னிடம் வந்து சொன்னேன். நீ கத்தவில்லை. என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து பேட்டரி மாற்றினாய். கத்தியிருக்கலாம். அந்தக் குளிர்காலத்திலேயே மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்த்தேன். "தம்பி, உங்கட சிநேகிதன் சொன்ன மெசின் எப்ப வரும்? மகள் பின்னால நிண்டு கூப்பிட்டா இப்பவும் எனக்குக் கேக்குதில்லை" என்றார்.

"வரும் அக்கா" என்றேன். முகத்துக்கு நேரே நின்று சொன்னது பொய். அவர் தேநீர் ஊற்றத் திரும்பியபோதுதான் உண்மையைச் சொல்ல வாய் வந்தது.

"வராது அக்கா. நான்தான் தடுத்தேன்."

அவர் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.