கறுப்புப் பசையைத் தொடாதே

மிரெக்,

பின்வாசல் கதவைத் திறந்து சமையலறைக்குள் நுழைந்துவிடாதே. முன்வாசல் பனியை அள்ளிவிட்டேன், அந்த வழியாக வா. வாடகைக்கு எடுத்து வந்த, தரையைத் தேய்க்கும் மெஷினை இன்று ஓட்டவே கூடாது. உரித்த லினோலியம் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அதன் தூள் உள்ளே போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும். ஒரு துண்டை நனைத்துப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். முடிவு வரும்வரை அங்கே கூட்டவும் வேண்டாம்.

"எங்கப்பா பத்து வீட்ல இப்படித்தான் சுரண்டியிருக்காரு, என்ன ஆயிடுச்சு அவருக்கு?" என்று நேற்று கேட்டாய். அவர் இருமுவது உன் காதில் விழவில்லையா? நான் கத்தியது தப்புதான். சொன்னது தப்பில்லை.

சூப்பை பிளாஸ்கில் ஊற்றி, கூடத்து மேஜையில் வைத்திருக்கிறேன். குழந்தை லில்காவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறேன்.

யோலா

பி.கு.: பழியை எல்லாம் உன் மேல் போட்டுவிட்டேன். போன மாதம் நீ வேலைக்குப் போயிருந்தபோது, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையை முதலில் உரித்துச் சுரண்டியது நான்தான். கீழே ஓக் பலகை தெரிந்தது. உன் பிறந்தநாளுக்குக் காட்டலாம் என்று கால்மிதியைப் போட்டு மூடினேன். அப்போது குழந்தை பக்கத்தில்தான் தவழ்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்பு, வாயைச் சுற்றியும் கறுப்பு. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டேன், மிரெக்.