போர்வைக்குள் விழித்திருந்தவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மலையிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, குமட்டல்தான் இன்னும் நிற்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் சோதனைச் சாவடி அறையில் கதவிடுக்கு வழியாகக் காற்று உயிரை வாங்குகிறது. ஏதாவது துணியை வைத்து அடை. அங்கே போன் எடுக்காது என்பதால் ரேஷன் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எழுதச் சொன்னது உன் அப்பா. மாப்பிள்ளை மேல் நீ கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். இல்லையென்றால் கல்யாணம் நின்றுவிடும் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லியாயிற்று. இனி எழுதுவது என் சொந்தச் சரக்கு.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலம் தள்ளியவள் நான். எந்த விரிப்பில் என்ன ஒட்டியிருந்தாலும் முகம் சுளிக்காமல் அலசியிருக்கிறேன். எனக்கே நீ காவல் வேலை பார்க்கிற தேசியப் பூங்காவில் முகம் சுளித்துப்போனது. மலையைக் குறை சொல்லவில்லை. மனிதக் கால் படாத உயரத்தில் அது பளிச்சென்றுதான் இருந்தது. வண்டி நிற்கிற இடத்தில் பார்த்தால், பனிக்குள்ளிருந்து நூடுல்ஸ் கப்பும் குழந்தைகளின் டயபரும் எட்டிப் பார்க்கின்றன. அங்கே கட்டி வைத்த கழிப்பறையை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. சுற்றியிருந்த பாறைகள்தான் பாவம்.

இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்த வண்டிக்குள் மட்டும் என்ன வாழ்ந்தது? சம்பந்தியம்மா ஈர சாக்ஸைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் காயப்போட்டார். சம்பந்தி சிப்ஸ் பாக்கெட்டை ஜன்னல் வழியாக வீசினார். நீ இறங்கி ஓடிப்போய் அதைப் பொறுக்கி வந்தபோது, பெண்ணுக்கு வேலையில் ரொம்பத்தான் அக்கறை என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்றம் தாங்காமல் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டேன். அதைப் பார்த்து நான் தூங்கிவிட்டதாக எல்லோரும் முடிவு கட்டினார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

நான் தூங்கவில்லை. போர்வை ஓரத்தில் ஒரு கண் வெளியேதான் இருந்தது. நீ அடுத்த வண்டியின் அனுமதிச் சீட்டைப் பார்க்கப் போயிருந்தாய். மற்றவர்கள் சரிவுக்கு அந்தப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாறை விளிம்பில் காட்டாடு ஒன்று குட்டியோடு நின்றது. அதைப் படம் எடுக்க மாப்பிள்ளை விசில் அடித்துப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பவில்லை. கல்லை எடுத்து வீசினார். அடுத்ததும் வீசினார். அது குட்டியின் காலில் பட்டது, குட்டி சறுக்கிக்கொண்டே போய் விழுந்தது. தாய் கீழே எட்டிப் பார்த்துக் கத்தியது. அப்போது அதன் முகம் இந்தப் பக்கம் நன்றாகத் திரும்பியிருந்ததால், படம் எடுத்துக்கொண்டான். ஆமாம், எடுத்துக்கொண்டான். இதற்கு மேல் மரியாதை போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ ஓடி வந்தபோது அவன் கையில் இன்னொரு கல் இருந்தது. "சும்மா ஒரு ஆட்டுக்குட்டிதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றான். குட்டி தானாகச் சறுக்கியது என்று இப்போது சாதிக்கிறார்கள். பார்த்தவர் யாரும் இல்லாததால் புகார் நிற்காது என்று உன் அதிகாரி சொன்னாராம். அப்பாவுக்கு அதில் ஒரு நிம்மதி வேறு.

அவன்மேல் உனக்கு ஆசை இருந்தது எனக்குத் தெரியும். அவன் வருகிறான் என்றுதானே அந்தச் சின்ன அறையை அப்படித் துடைத்து வைத்திருந்தாய். ஆனாலும் புகார் எழுதினாய். அவன் கல்லெடுத்தபோதே நான் இறங்கி வந்து அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். சம்பந்தம் கெட்டுவிடுமே என்று போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். மற்றவர்களின் நாற்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவள் இதையும் எழுதத்தானே வேண்டும்.

புகாரை வாபஸ் வாங்காதே. சாட்சி என்ற இடத்தில் என் பெயரைப் போடு. விசாரணை என்றைக்கு என்று வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பு. அதே ரேஷன் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்துவிடுவேன். அரிசி மூட்டை சாக்ஸ் நாற்றம் அடிக்காது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், நீ நிமிர்ந்து நில்.

கதவிடுக்கை அடைக்க நல்ல கம்பளித் துணி எடுத்து வருகிறேன். அதுவரை குளிரில் கிடக்காதே கண்ணு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணால் பார்த்த உன் அம்மா