பழைய போனில் ஒரு பூக்காரம்மா

மார்கழி 12, வெள்ளி

கடும் பனி. கோலம் போடும்போது விரல் மரத்துவிட்டது. விளக்குக்கு எண்ணெய் இல்லை. மோட்டார் ரூம் பல்பு போய்விட்டது.

மெசேஜ் ஆப்பில் அறிவிப்பு. என் போன் பழைய வெர்ஷனாம். ஜனவரி 1 முதல் இதில் ஓடாதாம். மூன்று முறை படித்தேன்.

பவி தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போய் இரண்டு வருஷம். இனி மகளோடு பேசமாட்டேன் என்று, வீட்டுக்காரர் சொன்னபடி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவள் நான். பேசவில்லை. மெசேஜில் எழுதுகிறேன். முருகனுக்குத் தெரியும். போனில் அவள் பெயர் பூக்காரம்மா.

பவி கணக்கு: 35 வாரம். ரத்தம் 9.8. பிரஷர் கூட. கால் வீக்கம்.

மார்கழி 13, சனி

கடத்தூர். எண்ணெய், உளுந்து, சூடம். பல்பு மறந்தேன்.

செல் கடைப் பெண்: "அப்டேட் வராதுக்கா. கம்பெனியே இந்த மாடல கைகழுவிட்டான்."

"போன் நல்லாத்தான ஓடுது?"

"ஓடும்க்கா. மணி பாக்கலாம், டார்ச் அடிக்கலாம்."

புதுப் போன் கேட்டால் எதற்கு என்பார். இந்த ரீசார்ஜில் சாதா மெசேஜும் போகாது.

மார்கழி 15, திங்கள்

பவிக்கு விஷயத்தை எழுதினேன்.

"அப்ப போன் பண்ணும்மா."

"சத்தியம் இருக்குது."

"நான் ஆஸ்பத்திரில கெடந்தாலுமா?"

வியாழன் செக்கப். பிரஷர் இறங்காவிட்டால் அட்மிட்.

மார்கழி 17, புதன்

ஆப் திறக்கவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு, போனில் தேதியை டிசம்பர் 1க்குத் தள்ளி வைத்தேன். உடனே வந்தது: தேதி தவறு, சரிசெய்யவும். சத்தியத்தில் சந்து தேடியவளுக்கு இதுவும் வேண்டும்.

பொங்கலில் உப்பு இல்லை. அவர் அப்படியே சாப்பிட்டார்.

மார்கழி 18, வியாழன்

செக்கப் நாள். பத்து மணியிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடை.

சாப்பிட வந்தவர் மணி பார்க்க என் போனை எடுத்தார். "ஊருக்கெல்லாம் நேத்தே புது வருசம் பொறந்துடுச்சி. உனக்கு மட்டும் டிசம்பர் ரெண்டா?"

ஆப் நின்றுபோனதை மட்டும் சொன்னேன். முழுக்கச் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்தபின் கேட்டார்: "பூக்காரம்மாவுக்கு எத்தினியாவது மாசம்?"

எத்தனை நாளாகத் தெரியுமோ.

"ஒம்பது."

"கற்பூரம் அடிச்சது நீதான?"

"நீங்க சொல்லித்தானங்க அடிச்சன்."

"நான் அடிக்கலியே. நம்பரக் குடு."

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தன் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அட்மிட் ஆகிவிட்டாளோ. அப்பா நம்பர் என்று பயந்தாளோ.

"எடுத்தா மொதல்ல என்னன்னு கேக்கறது?" என்றார்.

பிரஷர் என்றேன்.

மறுபடி போடுகிறார்.