மாவிளக்கு நான் வந்து போடுவேன்

சிங்கப்பூர்
12.7.2004

அன்புள்ள மாமாவுக்கு,

இருக்கன்குடி மாரியாத்தா புண்ணியத்தில் நான் சுகம். பட்டாசு மருந்தில் வெந்த உங்கள் கை ஆறிவிட்டதா? முழுசாக ஆறாமல் கம்பெனிக்குப் போகாதீர்கள்.

நேற்று இந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். "இவங்கதான் எங்கம்மாவோட அட்டெண்டர்" என்று முதலாளி என்னைக் காட்டினார். பெருமையாக இருந்தது. வயதான அம்மா கண்ணயர்ந்ததும் அட்டெண்டர் என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். ஒன்றை நோக்கி நீட்டுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்ததாம் அது. மனதை ஒருவர் பக்கம் நீட்டுவதுதான் கவனிப்பாம். படித்ததுமே, நம் சுவர்மேல் குழம்புக் கிண்ணத்தை நீட்டும் பக்கத்து வீட்டு வேலுத்தாய்தான் கண்ணில் வந்து நின்றாள்.

போன வாரம் நம் வீட்டுப் போனையும் அவள்தானே எடுத்தாள்?

"அண்ணன் சாப்பிடுறாக மதினி. நீங்க நேர்ந்த மாவிளக்கையும் ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை நானே போட்டுர்றேன், கவலைப்படாதீக" என்றாள்.

 உங்கள் கைக்காக நேர்ந்துகொண்டது நான். அவள் குழம்பு ஊற்றட்டும், விளக்கு ஏற்ற வேண்டாம். கிண்ணத்தையும் வெறுமனே திருப்பாதீர்கள். சாத்தூர் காராச்சேவு போட்டுக் கொடுத்துவிடுங்கள், அவளிடம் நமக்குப் பாக்கியே இருக்கக் கூடாது. எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கே ஒன்றும் வாய்க்கு ருசிக்கவில்லை.

அந்த அம்மா கூப்பிடுகிறார். ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஓட்டலில் பரிமாறுகிறவரை வெயிட்டர் என்கிறோமே, ஆதியில் அது காவல்காரனைக் குறித்த சொல்லாம். நான் வந்து விளக்குப் போடும்வரை, இங்கிருந்தே காவல் இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள்
குருவம்மாள்